ஜன்னலைச் சாத்தாதே

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் வந்து சேர்ந்த முதல் இரவு. இடுப்பு உயரம்கூட இல்லாத, சக்கரம் வைத்த ஒரு பெட்டி. சுவிட்சைப் போட்டதும் உறுமத் தொடங்கியது. சில நொடிகளுக்கு ஒரு முறை உள்ளே 'டக்' என்று ஏதோ மாறும், உடனே 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. அதன் முகப்பில் இருந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்ன உருண்டை மிதந்தபடி 2 என்ற கோட்டில் நின்றது. நிமிடத்துக்கு 2 லிட்டர், அதற்கு மேல் நீங்களாக ஏற்றக் கூடாது, இதுவும் ஒரு மருந்துதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மூக்குக் குழாயை அப்பாவின் காதுகளில் சுற்றி மாட்டிவிட்டு, வெளியே தூறல் போட்டதால் ஜன்னலைச் சாத்தப் போனேன். "சாத்தாதே" என்றார். சாரல் அடிக்குதுப்பா என்றேன். கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்: "இந்த மிஷின் ரூம்ல இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் எனக்கே இழுத்துக் குடுத்துருச்சுன்னா, நீ எதைச் சுவாசிப்ப?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. ஜன்னல் திறந்தேதான் இருந்தது.

நான் சொன்ன பதில் சரிதான். ஆனால் தெரிந்து சொன்ன பதில் இல்லை, பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது. அப்பா நாற்பது வருடம் பேரேடு எழுதியவர். ஒரு பக்கம் வரவு இருந்தால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே தீர வேண்டும் அவருக்கு. மிஷின் ஆக்சிஜன் கொடுக்கிறது, கூடவே சிலிண்டர் எதுவும் இல்லை, அப்படியென்றால் எங்கிருந்தோ எடுக்கிறது, எடுத்த இடத்தில் குறைந்துதான் ஆக வேண்டும். இதில் என்ன தப்பு? மூச்சுவிடவே சிரமப்படுகிற மனிதர், தனக்கு வரும் காற்று தன் மகனுக்குப் போகவேண்டிய காற்றோ என்று கணக்குப் பார்த்திருக்கிறார். அவர் தூங்கிய பிறகு அந்தப் புஸ்ஸ் சத்தத்தைக் கேட்டபடியே வெகுநேரம் விழித்துக் கிடந்தேன். அடுத்த சில மாதங்கள், அப்பாவுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே காற்றைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் அவருடைய கேள்விக்குப் பதில் சீக்கிரமே கிடைத்துவிட்டது. அது என்னை இழுத்துக்கொண்டுபோன இடம்தான் இன்னும் என்னை விடவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை மணிகள்

அந்த மிஷினுக்குள் இரண்டு உருளைகள் இருக்கின்றன. இரண்டிலும் ஜியோலைட் என்ற கனிமத்தின் சின்னச் சின்ன மணிகள். ஜியோலைட் முழுக்க நுண்ணிய அறைகள் கொண்டது, அந்த அறைகளில் சோடியம், லித்தியம் போன்றவற்றின் நேர்மின் அயனிகள் உட்கார்ந்திருக்கும். அறைக் காற்றை அழுத்தி ஒரு உருளைக்குள் தள்ளினால், நைட்ரஜன் மூலக்கூறுகள் அந்த அயனிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆக்சிஜன் அவ்வளவாக ஒட்டாது, நழுவி வெளியே வந்துவிடும். சல்லடை மாதிரி பெரியதை நிறுத்திச் சிறியதை விடுகிறது என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட ஒரே பருமன். வித்தியாசம் அளவில் இல்லை, ஒட்டும் குணத்தில் இருக்கிறது. ஒரு உருளை நைட்ரஜனால் நிறைந்ததும் வால்வு மாறுகிறது, அதுதான் 'டக்'. அழுத்தம் இறங்கி, பிடித்து வைத்த நைட்ரஜனை மணிகள் அறைக்குள்ளேயே விட்டுவிடுகின்றன, அதுதான் 'புஸ்ஸ்'. அதற்குள் அடுத்த உருளை வேலையைத் தொடங்கியிருக்கும்.

ஆக, மிஷின் எதையும் தின்பதில்லை. அறையில் கலந்து கிடந்ததைப் பிரித்து, ஒன்றை அப்பாவின் மூக்குக்கும் மற்றதை அறைக்கும் அனுப்புகிறது. மூக்குக்குப் போன ஆக்சிஜனிலும் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்து மறுபடியும் அறையில் கலந்துவிடும். ஓய்வில் இருக்கும் ஒரு மனித உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் எடுத்துக்கொள்ளும். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மறுநாள் காலை அப்பாவிடம் இதை அவருடைய மொழியில் சொன்னேன்: "செலவு இல்லப்பா, வெறும் மாற்றுப் பதிவு." ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் மிஷினோடு வந்த சிறு புத்தகத்தை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "93 சதவீதம்னு போட்டிருக்கே, மீதி 7 எங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பதிலில் பெரும்பகுதி ஆர்கான், மிச்சம் மணிகளிடம் பிடிபடாமல் தப்பி வரும் கொஞ்சம் நைட்ரஜன். காற்றில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21 சதவீதம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த எல்லோருக்கும் மிச்சமுள்ள அந்த ஒன்றின் மேல் பெரிய கவனம் இருந்திருக்காது. அந்த ஒன்றில் ஏறக்குறைய எல்லாமே, அதாவது 0.93 சதவீதம், ஆர்கான்தான். ஜியோலைட் மணிகளிடம் ஆர்கானும் ஆக்சிஜனைப் போலவே நழுவிவிடும். நைட்ரஜனைக் கடைசி மூலக்கூறு வரை பிடித்து வைத்தாலும், 20.95 பங்கு ஆக்சிஜனோடு 0.93 பங்கு ஆர்கான் சேர்ந்தே வரும். அதனால் இந்த வகை மிஷினால் 96 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அப்பா ஒவ்வொரு மூச்சிலும் நம்மைவிடக் கூடுதலாக ஆர்கானைச் சுவாசித்துக்கொண்டிருந்தார். அது எதோடும் சேராத வாயு என்பதால் போன வழியே திரும்பி வந்துவிடும், ஒரு கெடுதலும் இல்லை.

இந்த ஆர்கானைக் கண்டுபிடித்த கதையில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. 1785-இல் ஹென்றி கேவண்டிஷ் காற்றில் இருந்த நைட்ரஜனை மின்பொறி மூலம் ஆக்சிஜனோடு சேர்த்துச் சேர்த்து நீக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு சிறு குமிழி மட்டும் கரைய மறுத்தது. மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று எழுதி வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ராலே பிரபு, காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு கனமாக இருப்பதைப் பார்த்தார். எடைபோட்டதில் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. 1894-இல் அவரும் வில்லியம் ராம்சேயும் சேர்ந்து ஆர்கானை உலகத்துக்கு அறிவித்தார்கள். கிரேக்க மொழியில் சோம்பேறி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்தச் சோம்பேறிதான் இன்று வெல்டிங்கில் உருகிய உலோகத்தை ஆக்சிஜன் தீண்டாமல் காவல் காக்கிறது. காற்றை மைனஸ் 190 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, நைட்ரஜன் மைனஸ் 196-லும் ஆர்கான் மைனஸ் 186-லும் ஆக்சிஜன் மைனஸ் 183-லும் கொதிக்கும் என்ற அந்தச் சிறு இடைவெளிகளை வைத்துப் பிரிக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் தொட்டிகளுக்கு வரும் ஆக்சிஜனும் இப்படித்தான் வருகிறது.

"அப்ப மிஷின் புஸ்ஸுன்னு விடுற நைட்ரஜன் வெறும் குப்பையா?" என்றார் அப்பா. இல்லை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால்தான் அது நம் நுரையீரலில் எதுவும் செய்யாமல் வந்துபோகிறது. அந்தப் பிடியை ஆஸ்மியம் என்ற உலோகத்தாலான வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் சூடு, நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு அவிழ்த்து அமோனியா ஆக்க முடியும் என்று ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் காட்டினார். 1913-இல் கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு அந்த உரத்தில் விளைந்தது என்று கணக்கிடுகிறார்கள். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் நம் தசைகளாகிவிட்டது. அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

இருப்பு எப்போது சேர்ந்தது?

அறைக் கணக்கு முடிந்ததும் அப்பா உலகக் கணக்குக்குப் போனார். மரங்களை வெட்டிக்கொண்டே போகிறோமே, ஆக்சிஜன் தீர்ந்துவிடாதா என்றார். நாற்பது வயது வரை எனக்கும் இதே எண்ணம்தான். காடு ஆக்சிஜன் செய்கிறது, நாம் சுவாசிக்கிறோம், காடு போனால் மூச்சு போகும். 2019-இல் அமேசான் எரிந்தபோது உலகத்தின் 20 சதவீத ஆக்சிஜன் அங்கிருந்துதான் வருகிறது என்று ஒரு செய்தி சுற்றியது. நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன். அது தப்பான கணக்கு என்று இப்போது தெரிகிறது.

ஒரு இலை தன் வாழ்நாளில் கரியமில வாயுவை உடைத்து, கார்பனைத் தன் உடம்பாக்கிக்கொண்டு, ஆக்சிஜனை வெளியே விடுகிறது. சரி. அந்த இலை உதிர்ந்து மட்கும்போது என்ன ஆகிறது? பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்று, அதே அளவு ஆக்சிஜனைச் செலவழித்து, அதே அளவு கரியமில வாயுவைத் திருப்பிக் கொடுக்கின்றன. புழு தின்றாலும் மான் தின்றாலும் தீ தின்றாலும் கணக்கு இதேதான். முதிர்ந்த காடு ஒன்று தான் செய்யும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் தானே செலவழித்துவிடும். காடுகளைக் காப்பாற்ற எத்தனையோ பெரிய காரணங்கள் இருக்கின்றன, ஆனால் நம் மூச்சுக்கான ஆக்சிஜன் அந்தக் காரணங்களில் ஒன்று இல்லை.

அப்படியென்றால் இந்த 21 சதவீதம் எங்கிருந்து வந்தது? மட்காமல் தப்பித்த இலைகளிலிருந்து வந்தது. சேற்றுக்கு அடியில், கடலடியில், ஆக்சிஜன் போகமுடியாத இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு உயிர்ப்பொருள் புதைந்துவிடுகிறது. அது மட்காததால், அதற்குரிய ஆக்சிஜன் செலவாகாமல் காற்றில் தங்கிவிடுகிறது. நாம் சுவாசிக்கும் ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் ஈடாக, எங்கோ பூமிக்கடியில் புதைந்த ஒன்று கணக்கில் இருக்கிறது. "அப்ப இது தினக்கூலி இல்ல, சேமிப்பு" என்றார் அப்பா. இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

அந்தச் சேமிப்பு சேர்ந்த வேகம் மலைக்க வைக்கிறது. பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். அதில் முதல் பாதியில் காற்றில் ஆக்சிஜன் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் சூரிய ஒளியை வைத்துத் தண்ணீரைப் பிளக்கக் கற்றுக்கொண்டு ஆக்சிஜனைக் கழிவாக வெளியேற்றத் தொடங்கின. அந்த ஆக்சிஜன் உடனே காற்றுக்கு வரவில்லை, எரிமலை வாயுக்களும் கடலில் கரைந்திருந்த இரும்பும் அதை முதலில் வாங்கிக்கொண்டன. இரும்பு துருவாகிக் கடலடியில் பட்டை பட்டையாகப் படிந்தது. இன்று நாம் வெட்டி எடுக்கும் இரும்புத் தாதுவில் பெரும்பகுதி அந்தப் படிவுதான். அப்பா படுத்திருந்தது இரும்புக் கட்டில். அதைத் தொட்டுக் காட்டி, இது அந்தக் காலத்து ஆக்சிஜன் பிடித்துப் போட்ட இரும்புப்பா என்று சொன்னேன். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் ஆக்சிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது. அதுவரை வாழ்ந்த பல உயிர்களுக்கு அது நஞ்சு. அவற்றின் வாரிசுகள் இன்றும் சேற்றிலும் நம் குடலிலும் ஆக்சிஜனுக்கு ஒளிந்து வாழ்கின்றன.

நிலக்கரி, பெட்ரோல் எல்லாவற்றையும் எரித்தால் இந்தச் சேமிப்பு கரைந்துவிடுமா? கரையாது. புதைந்த கார்பனில் பெரும்பகுதி நிலக்கரியாகவோ எண்ணெயாகவோ ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை, களிமண் பாறைகளில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. எடுத்து எரிக்கக்கூடிய எரிபொருள் முழுவதையும் எரித்தாலும் காற்றின் ஆக்சிஜனில் சில சதவீதத்துக்கு மேல் குறையாது. அப்பா நிம்மதியானார். எனக்கும் நிம்மதிதான். அந்த நிம்மதியில்தான் ஒரு பழைய எண்ணம் இன்னும் உறுதியாகிப்போனது. காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்கு இருக்கும் கரியமில வாயுவுக்கு ஏன் இத்தனை பதற்றம் என்ற எண்ணம். நண்பர்களிடம் அதை வாய்விட்டுச் சொன்னதும் உண்டு. ஆக்சிஜனே குறையப்போவதில்லை, 0.04 சதவீதம் 0.05 ஆனால் என்ன?

மீட்டரில் 1,870

மழைக்காலம் முற்றிய ஒரு வாரம் அப்பாவுக்குச் சளி கட்டிக்கொண்டது. அவர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஜன்னல், கதவு இரண்டையும் சாத்தினேன். அவரைச் சமாதானப்படுத்த, அறைக் காற்றில் கரியமில வாயுவை அளக்கும் ஒரு சின்ன மீட்டரை வாங்கி மேசைமேல் வைத்தேன். இரவு படுக்கும்போது 510 பிபிஎம் காட்டியது, அதாவது பத்து லட்சத்தில் 510 பங்கு. விடியற்காலை எழுந்து பார்த்தபோது 1,870. எனக்குத் தலை கனமாக இருந்தது. அறையில் ஒரு புழுக்கம்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். அறையில் சுமார் 36,000 லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 7,500 லிட்டர். இரண்டு பேர் எட்டு மணி நேரத்தில் எடுத்துக்கொள்வது 240 லிட்டர். இடுக்கு எதுவுமே இல்லாமல் முழுக்க அடைத்த அறையாக இருந்தாலும் ஆக்சிஜன் 20.95 சதவீதத்திலிருந்து 20.3-க்குத்தான் இறங்கும், உடம்புக்குத் தெரியவே தெரியாது. அதே எட்டு மணி நேரத்தில் நாங்கள் வெளியே விடும் கரியமில வாயு 190 லிட்டர் அளவு. ஆக்சிஜனில் எடுத்ததைவிடக் குறைவுதான். ஆனால் முதலில் அந்த அறையில் இருந்த கரியமில வாயுவே 18 லிட்டர்தான். அது 200 லிட்டரைத் தாண்டிவிடும், ஏறக்குறைய பதினோரு மடங்கு. கதவிடுக்கு வழியாகக் காற்று வந்துபோனதால்தான் மீட்டர் 1,870-இல் நின்றது.

நோட்டைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே மூச்சு, ஒரே வேதிவினை. ஆக்சிஜன் பக்கத்தில் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. கரியமில வாயு பக்கத்தில் பார்த்தால் எல்லாம் மாறிப்போயிருக்கிறது. முதலில் குறைவாக இருப்பதுதான் முதலில் பெருகித் தெரியும். நான் இதுவரை 'கொஞ்சம்தானே இருக்கிறது' என்று எதை அலட்சியம் செய்தேனோ, அந்தக் கொஞ்சம்தான் அது மாறுவதற்கான காரணமே. நம் உடம்புக்கு இது முன்பே தெரியும். மூச்சை அடக்கினால் நெஞ்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் வரும் தவிப்பு இல்லை. இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதைக் கண்டு மூளை கொடுக்கும் உத்தரவு. அதனால்தான் நைட்ரஜன் நிரம்பிய தொட்டிக்குள் தெரியாமல் இறங்கும் தொழிலாளி மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கைகூட இல்லாமல் மயங்கி விழுகிறார். கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருப்பதால் உடம்பு எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறது.

அன்று மாலை அந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன். என் பழைய எண்ணம் அந்த இடத்தில்தான் முழுவதுமாக விழுந்தது. மீட்டருக்குள் ஒரு சிறு குழல். ஒரு முனையில் அகச்சிவப்புக் கதிர் விடும் ஒரு குட்டி விளக்கு, மறு முனையில் உணரி, நடுவில் அறைக் காற்று. காற்றில் கரியமில வாயு எவ்வளவு கூடுகிறதோ, உணரிக்கு வந்து சேரும் கதிர் அவ்வளவு குறைகிறது. குழலில் இருப்பதில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான், ஆனால் அவை அந்தக் கதிரைத் தொடுவதே இல்லை. ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் கைகோத்து அதிரும்போது மின்னூட்டம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை, அதனால் வெப்பக் கதிர் அவற்றைக் கடந்து போய்விடுகிறது. கரியமில வாயுவில் நடுவே கார்பன், இரு புறமும் ஆக்சிஜன். அது நெளியும், வளையும். அப்படி அசையும்போது மின்னூட்டம் சாயும், கதிர் மாட்டிக்கொள்ளும். 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு உள்ள குழாய் அதிகமாகச் சூடாவதைக் கண்டார். 1859-இல் ஜான் டின்டல் இதைக் கருவி வைத்து அளக்கத் தொடங்கினார். அவர்கள் கண்டதை அப்பாவின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெட்டி நிமிடத்துக்கு ஒரு முறை எனக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தது.

பூமியிலிருந்து வானுக்குத் திரும்பும் வெப்பத்தின் கண்ணுக்கு 99 சதவீதக் காற்று இல்லாத மாதிரிதான். அதை வழிமறிப்பது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற மிச்சம் மட்டுமே. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். இப்போது இருப்பது சுமார் 15. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் 280 பிபிஎம் இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது, அதாவது ஒன்றரை மடங்கு. மொத்தக் காற்றோடு ஒப்பிட்டு 0.04 சதவீதம் என்று சொன்ன நான், எந்தத் தொகையோடு ஒப்பிட வேண்டுமோ அதோடு ஒப்பிடவில்லை.

ஓசோனும் இப்படித்தான். வானில் பரவியிருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்கு இறக்கிப் பரப்பினால் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர் வரும். அதைத்தான் நம் தோலுக்கும் புற ஊதாக் கதிருக்கும் நடுவே வைத்திருக்கிறோம். அதை அரித்த குளோரோஃபுளோரோகார்பன் காற்றில் லட்சம் கோடியில் சில நூறு பங்குதான் இருந்தது. அப்பா வருடக்கணக்காகப் பயன்படுத்திய இன்ஹேலர்களில் மருந்தை உந்தித் தள்ளியதும் அதே வாயுதான். மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1974-இல் எச்சரித்தார்கள், 1985-இல் அண்டார்டிகாவின் மேலே ஓட்டை விழுந்ததை உலகம் அறிந்தது, 1987-இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் ஆனது. மூச்சுத் திணறும் நோயாளிகளுக்காக இன்ஹேலருக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கொடுத்து, பிறகு அதையும் மாற்றினார்கள். மாற்றாக வந்த வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பத்தைப் பிடிப்பதில் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். அதையும் இப்போது மாற்ற முயல்கிறார்கள். ஒரு நோயாளியின் மூச்சையும் நிறுத்தாமல் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

இன்னொரு அப்பாவும் மகனும்

சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். கருவியின் அடிப்படை என் மேசைமேல் இருந்த மீட்டருக்கு இருப்பதுதான், ஒரு அகச்சிவப்புக் கதிரும் ஒரு உணரியும். அந்த ஆண்டு 315 பிபிஎம் அளவு. ஒவ்வொரு வசந்தத்திலும் வடபாதி பூமியின் இலைகள் துளிர்த்ததும் எண் இறங்கும், இலையுதிர்ந்து மட்கத் தொடங்கியதும் ஏறும். உலகமே வருடத்துக்கு ஒரு முறை மூச்சு விடுவது அந்தக் கோட்டில் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு மூச்சும் முந்தைய வருடத்தைவிடச் சற்று மேலே போய் நின்றது. 2005-இல் இறக்கும்வரை அவர் அளந்துகொண்டேயிருந்தார்.

அவருடைய மகன் ரால்ஃப் கீலிங் எடுத்துக்கொண்டது கணக்கின் மறுபக்கத்தை. அவர் ஆக்சிஜனை அளந்தார். பத்து லட்சத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும் ஒரு வாயுவில் ஒன்றிரண்டு குறைந்ததா என்று பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை மீட்டரோடு உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தேன். காற்றின் வழியே ஒளி போகும்போது அது வளையும் அளவை வைத்து அந்த நுட்பமான வித்தியாசத்தைப் பிடிக்க அவர் ஒரு கருவி செய்தார். 1980-களின் கடைசியிலிருந்து வரும் அந்த அளவீடுகளின்படி ஆக்சிஜன் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு குறைந்துகொண்டிருக்கிறது. நம் மூச்சுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சாட்சியாக அதற்கு ஈடு கிடையாது. கூடிய கரியமில வாயு எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருந்தால் ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டியதில்லை. எதையோ எரித்ததால்தான் இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது. அப்பா பக்கம் வரவு எழுதினார், மகன் பக்கம் பற்று எழுதினார், கணக்கு நேராகிவிட்டது.

இதை என் அப்பாவிடம் சொன்ன அன்று அவருக்குச் சளி தெளிந்திருந்தது. மீட்டர் 1,640 காட்டியது. "திற, பாப்போம்" என்றார். ஜன்னலையும் எதிரே இருந்த கதவையும் திறந்துவிட்டு மீட்டரை அவர் மடியில் வைத்தேன். 1,200. 890. 640. எண் இறங்க இறங்க அவர் முகத்தில் ஒரு குதூகலம் தெரிந்தது. 500-க்குக் கீழே வந்ததும் மெதுவாகியது. 460. 438. கடைசியில் 432-இல் நின்றுவிட்டது. இன்னும் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுக் கேட்டார், "அதுக்குக் கீழ இறங்காதா?"

"இறங்காதுப்பா. வெளியவே அவ்வளவுதான் இருக்கு."

"நீ பொறந்த வருஷம் எவ்வளவு?"

1983. தேடிப் பார்த்துச் சொன்னேன், 343. பேரக்குட்டி பிறந்த வருடம் கேட்டார். 2016, 404. "நான் பொறந்தப்ப?" 1948-இல் அளக்க ஆளில்லை, பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்ட பழைய காற்றுக் குமிழிகளை வைத்துத்தான் சொல்கிறார்கள், 310 பக்கம் இருந்திருக்கும் என்றேன். தினமும் அவருடைய ஆக்சிஜன் அளவைக் குறித்து வைக்கும் நோட்டை எடுக்கச் சொன்னார். 310, 343, 404, 432 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக, இலக்கங்கள் நேராக நிற்கும்படி எழுதினார். கணக்கு முடிந்தால் அடியில் இரட்டைக் கோடு போடுவது அவர் வழக்கம். பேனாவை நோட்டின் மேல் வைத்தபடி சிறிது நேரம் இருந்தார். அப்புறம் கோடு போடாமலே மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் திறந்தே இருக்கட்டும் என்றார்.